இரும்புக் கால் மிதக்கும், மச்சான்

என் தங்கைக்குத் தாலி கட்டிய நாள்முதல் என் சோற்றிலும் என் மீனிலும் சரிபாதிக்காரனாகிப்போன அன்பு மச்சான் ஏகாம்பரத்துக்கு,

முதலில் சேதி. நான் மறுபடியும் தண்ணீரில் இறங்கிவிட்டேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் எத்தனை வாய் உண்டோ அத்தனையும் “முழுகிடுவான்” என்றன. முழுகவில்லை. நம் ஏரியில், நம் லாரி டியூபில், சகல மரியாதைகளோடும் மிதந்தேன். இதை யானை மேல் முரசு வைத்து அறிவித்திருக்க வேண்டும். யானை கிடைக்காததால் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ போய் இந்தத் தை வந்தால் ஒரு வருஷம். நடுவில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தாலும் தெரியாததுபோல் கேட்டுக்கொள். மற்றவர்கள் சொன்னால் அது வெறும் நடந்த கதையாகத்தான் இருக்கும். நான் சொன்னால்தான் அதற்கு ஒரு அந்தஸ்து.

போன மார்கழியில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்ததே, அந்தக் கலங்கல் கல்லில் நான் விழுந்ததை உலகத்திலேயே பார்த்தவன் நீ ஒருவன்தான். தோளில் டியூபு, கையில் தூண்டில், வாயில் என் வழக்கமான பெருமை. பாசியில் கால் வைத்தேன். முட்டிதான் முதலில் தரையைத் தொட்டது. பஸ்ஸில் நான் டிக்கெட் கிழித்த இத்தனை வருஷத்தில் ஒரு பிரேக்குக்குக்கூட விழாதவன், மச்சான். பூமி அன்று ஒரு தடவை குலுங்கியிருக்க வேண்டும்.

“தேங்கா ஒடச்சா மாதிரி சத்தம் கேட்டுது மச்சான்” என்றாய் நீ. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. டியூபுக்குக் குறுக்கே, கால் நுழைய இரண்டு ஓட்டை விட்டு, உட்காருவதற்குத் தைத்திருந்தோமே கோணிச் சாக்கு, அதன்மேலேயே என்னைப் போட்டுக் கரையோடு இழுத்துக்கொண்டு போனாய். ரோட்டில் உன் பஞ்சர் கடையில் நின்றிருந்த லாரிக்காரனிடம், “பட்டணம்தானே போற? ஜல்தி எடுய்யா” என்று அதட்டி, மல்லாட்டைக் கடலை மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டாய். கூடவே வர ஏறினாய். கண் மஞ்சளாக இருந்தது. “ஒடம்பு ஒரு மாதிரி கெடக்குது, நாளைக்கு வர்றேன்” என்று இறங்கிவிட்டாய்.

அந்த நாளைக்காகத்தான் நான் ஆறு வாரம் காத்திருந்தேன்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முட்டிச் சில்லு துண்டு துண்டாப் போயிருக்கு. ஒட்ட வைக்க முடியாது. எடுத்துடலாம்” என்றார்.

“எடுத்துட்டு வேற என்னா வெப்பீங்க?”

“ஒண்ணும் வைக்கிறதில்ல. தசைய இழுத்துத் தைச்சிடுவோம். நடக்கலாம்.”

“மிதக்கலாமா?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெறுங்கண்ணால் ஒரு தடவை பார்த்தார். “முதல்ல நடங்க” என்றார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. நீ வரவில்லை. தங்கை அலமேலுவிடமிருந்து வாரம் ஒரு கார்டு வந்தது. ‘இவ்விடம் அனைவரும் நலம்.’ அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்டில் உன்னை நான் திட்டிய திட்டு! பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு உன் முகம் தெரியாது. உன் குற்றங்கள் அத்தனையும் மனப்பாடம். நன்றி கெட்டவன் என்றேன். பஞ்சர் ஒட்டுகிற பயலுக்கு என்ன திமிர் என்றேன். ஊருக்குப் போனதும் உன்னை ஏரியில் தள்ளிவிட்டு டியூபைப் பிடுங்கிக்கொள்ளப்போவதாகச் சபதம் செய்தேன். வார்டே கை தட்டியது.

நீ அப்போது இல்லை. மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. எனக்குத் தெரிந்தால் மாவுக்கட்டோடு எழுந்து ஓடிவருவேன் என்று பயந்து அலமேலு மறைத்துவிட்டாள். வாடகை வண்டியில் வந்து இறங்கினேன். வாசலில் அவள், உன் பெண்கள் இருவரும் பக்கத்தில் ஒட்டி நிற்க, நெற்றியில் பொட்டில்லாமல் நின்றாள். 

பிறந்த வீட்டுக் கோடிச்சேலை நான் போட்டிருக்க வேண்டும், மச்சான். அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தானே? முகையூரிலிருந்து பெரியப்பா மகன் வந்து போட்டுவிட்டுப் போனானாம். அதை எழுத எனக்கு இதற்குமேல் கை வரவில்லை. விடு.

அதற்குப் பிறகு நான் ஒரு தவறு செய்தேன். தவறு என்றா சொன்னேன்? சாதனை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் பாதி உனக்கு, பாதி என் காலுக்கு என்று பங்கு பிரித்து அழுதார்கள். உனக்கு அழுதது நியாயம். என் காலுக்கு அழச்சொல்லி யார் கேட்டது? “சில்லே இல்லியாமே, ஐயோ பாவம்” என்று ஒரு கிழவர் என் முட்டியைத் தடவ வந்தார். எனக்கு வந்த கோபத்தில், “யார் சொன்னது இல்லேன்னு? புதுசு மாட்டியிருக்குது” என்றேன்.

“இன்னா மாட்டியிருக்குது?”

“இரும்பு.”

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைப் பட்டினி போட முடியுமா? வளர்த்தேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த இரும்பு. என் முட்டிக்கென்றே அளவெடுத்து வார்த்தது. உள்ளே ஆறு போல்ட்டு, ஆறு நட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கிரீஸ் போட்டால் போதும், எனக்குப் பிறகும் அது நடக்கும். என் பழைய பஸ்ஸின் டிரைவர் இதைக் காலையில் திண்டிவனத்தில் ஏற்றிக்கொண்டு போனான். மத்தியானம் விழுப்புரம் ஜங்ஷனில் இறக்கியபோது அது என் இடுப்புவரைக்கும் இரும்பாகிவிட்டிருந்தது.

கொஞ்ச நாள் ராஜ வாழ்க்கை. வல்லத்திலிருந்து ஒரு ஆள் பார்ப்பதற்கென்றே வந்தான் என்றால் பார்த்துக்கொள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு முதலாளி என்னை மாற்றியிருந்தார். அங்கே என் முன்னால் நின்றவர்கள் ஊருக்கு டிக்கெட் கேட்பதற்கு முன்னால் காலைத்தான் கேட்டார்கள். சோதனை ஐப்பசியில் வந்தது. முதல் இடி இடித்ததும் ஸ்டாண்டில் என்னைச் சுற்றி நின்ற கூட்டம் விலகி மழையில் போய் நின்றது. “இரும்பு இடிய இழுக்கும்யா” என்றது ஒரு குரல். அத்தனை பெரிய கூரைக்குக் கீழே நான் ஒருவன் மட்டும் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அதுவும் ஒரு சிம்மாசனம் என்று விட்டுவிட்டேன். ஆனால் கார்த்திகையில் ஏரி நிரம்பியது. டியூபைத் தேடினேன். பரணில் இல்லை. உன் கடையிலும் இல்லை. அலமேலு வாயே திறக்கவில்லை. அதற்குள் பெரியதனக்காரர் ஆள் அனுப்பிவிட்டார்.

போனேன். ஊரின் தலைவர் கூப்பிட்டால் போகாமல் முடியுமா? அரசமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. மரியாதை இல்லை, மச்சான். கால் மடங்காது, தரையில் உட்கார முடியாது. பந்தியில் சாப்பிட உட்கார்ந்தால் என் நீட்டிய காலுக்குத் தனியாக ஓர் இலை போட வேண்டியிருக்கிறது என்று ஊரே சிரிக்கிறது.

“ஏம்பா தாண்டவராயா, மறுபடியும் டியூபுல ஏறப்போறியாமே?” என்றார் பெரியதனக்காரர்.

“ஏறப்போறேங்க. ஏறி, மீனும் புடிக்கப்போறேங்க.”

“ரெண்டு கிலோ இரும்பக் காலுல கட்டிக்கினு எவனாவது தண்ணியில எறங்குவானா? நீ பாட்டுக்கு முழுகிப்பூடுவ. அப்பறம் போலீசு, பட்டணத்து டாக்டருன்னு ஊருக்கே பேஜாரு. ஏரி உனக்கு இல்ல. அவ்ளோதான்.”

பார்த்தாயா மச்சான்? நான் வார்த்த இரும்பாலேயே எனக்கு விலங்கு. அங்கேயே, ‘ஐயா, அது பொய், உள்ளே ஒன்றும் இல்லை’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அந்தக் கிழவர் என் முட்டியைத் தடவ வந்துவிடுவார். ‘ஐயோ பாவம்’ என்பார். மூழ்கிச் செத்தாலும் சாவேனே ஒழிய, அதைத் தாங்க மாட்டேன்.

“அது சீமை இரும்புங்க. மெதக்கும்” என்றேன்.

“கப்பல் இரும்பாங்காட்டியும்?” என்று ஒருவன் கேட்டான். சிரித்துத் தீர்த்தார்கள்.

நீ கேட்பாய்: ஒரு வருஷம் மீன் பிடிக்காவிட்டால் குடியா முழுகிவிடும்? மச்சான், தரைமேல் நான் நொண்டி. படியேறினால் நொண்டி, பஸ் ஏறினால் நொண்டி, கோயிலில் விழுந்து கும்பிட்டால் தூக்கிவிட இரண்டு ஆள். சாயங்காலம் தவறாமல் கணுக்காலில் ஒரு படி மணலைப் பையில் கட்டித் தொங்கவிட்டுத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். பாதிக்குமேல் மடங்க மாட்டேன் என்கிறது. டியூபில் உட்கார்ந்துவிட்டால் கால் எதற்கு வேண்டும்? அங்கே நானும் மற்றவனும் ஒன்று. இல்லை, மற்றவனைவிட நான் ஒரு படி மேல். அந்த இடத்தையும் விட்டுக்கொடு என்றால் எப்படி?

அன்று மத்தியானமே உன் கடைக்குப் போனேன். கடை மூடிவிட்டது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் காரியம் முடிந்த மாதமே அலமேலு திறந்துவிட்டாள். புருஷன் போனவள் ரோட்டில் உட்கார்ந்து டயர் கழற்றுவதா என்று இதே மரத்தடி கூடியது. நான் கோலை ஊன்றிக்கொண்டு போய், “அவ கையில கடப்பாறை இருக்குது. சொல்றதுன்னா எட்ட நின்னு சொல்லாதீங்க, கிட்ட போய்ச் சொல்லுங்க” என்றேன். யாரும் போகவில்லை. இன்றைக்கு லாரிக்காரர்கள் அவளை ‘மேஸ்திரியம்மா’ என்கிறார்கள். உன்னைவிட நன்றாக ஒட்டுகிறாள். கோபித்துக்கொள்ளாதே.

அவள் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து டயரின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தேன். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம். வேட்டியை முட்டிக்குமேல் தூக்கினேன்.

“அலமேலு, ஒனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லக் கூடாது. இங்க இரும்பும் இல்ல, கிரும்பும் இல்ல. வெறும் குழி. தொட்டுப் பாரு.”

அவள் தொடவில்லை. குமிழி வந்த இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டாள்.

“தெரியும்ணா.”

“தெரியுமா?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரமே தெரியும். மத்தியானம் நீ குறட்ட உட்டுக்கினு இருந்த. லாரிக்காரர்கிட்ட ஒரு காந்தம் வாங்கி ஒம் முட்டிமேல வெச்சேன். வழுக்கிக் கீழ உழுந்துது.”

மச்சான், ஒன்பது மாதம்! ஒன்பது மாதமாக இந்த உலகமகா ரகசியத்தை நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவளோ எனக்கு எதிரில் சோறு போட்டுக்கொண்டு, நான் போல்ட்டு நட்டுக் கதை சொல்லும்போதெல்லாம் “அப்படியாண்ணா?” என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்பறம் ஏன் மரத்தடியில வந்து சொல்லல? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டுட்டிருப்பாங்க இல்ல?”

“அதுக்குத்தான் சொல்லல.” கையைத் துடைத்துக்கொண்டாள். “ஊரே தடுத்துட்டா நான் தடுக்க வேணாம் பாரு. நான் தடுத்தா நீ கேக்கவா போற? அவுரு போனப்ப கார்டு எழுதிக்கினு ஒக்காந்தேனே, அனைவரும் நலம்னு, ஒவ்வொரு வாரமும். இன்னொரு தரம் அந்த மாதிரி யாருக்கு எழுதுவேன்? நீயும் பூட்டா எழுதறதுக்குக்கூட ஆளில்லண்ணா.”

எனக்கு ஒரு பெரிய வசனம் தயாராக இருந்தது. தொண்டைவரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே செத்தது. இப்படி ஒன்று என் வாழ்நாளில் நடந்ததில்லை. நீ இருந்திருந்தால் வருஷக் கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பாய்.

 பிறகு நான் சொன்னேன், அலங்காரம் எதுவும் இல்லாமல்தான். “அலமேலு, கடையத் தெறக்காதன்னு ஊரு சொன்னப்ப நீ கேட்டியா? வீட்டுக்குள்ள ஒக்காந்தா செத்துப்பூடுவேன்னு சொன்ன. எனக்கும் அதே வியாதிதாம்மா.”

அவள் எழுந்து உள்ளே போனாள். லாரியில் மூட்டை கட்டுகிற கயிற்றுச் சுருணையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள்.

“ஒரு முனை டியூபுல. ஒரு முனை என் இடுப்புல. கயிறு எவ்ளோ தூரமோ அவ்ளோ தூரந்தான் நீ. சம்மதமா?”

மச்சான், கன்றுக்குட்டியைக்கூடக் கழுத்தில்தான் கட்டுவார்கள். இந்த மாமன்னனைப் பின்னால் கட்டி மேய்ப்பதாம். சம்மதித்தேன். வேறு வழி? டியூபு எங்கே இருந்தது தெரியுமா? கடையில் அவள் உட்காருகிற நாற்காலிக்குக் கீழே, காற்றில்லாமல், மடித்து வைத்து. பழைய ஒட்டுகள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருந்தாள். எப்போது ஒட்டினாய் என்று கேட்டேன். “ஆடியில” என்றாள். தடுப்பதற்காக மறைத்தவள் எதற்காக ஒட்டினாள்? 

மறுநாள் காலையில் சேதி எப்படியோ பரவி, கரையில் திருவிழாக் கூட்டம். பொரி விற்கிறவன் ஒருவன்தான் பாக்கி. பெரியதனக்காரர் குடையோடு வந்து நின்றார். நான் யாரையும் பார்க்கவில்லை. டியூபை இடுப்பில் மாட்டி, தோளில் இரண்டு வார் போட்டுக்கொண்டேன். முன்பெல்லாம் கலங்கலிலிருந்து தொப்பென்று குதிப்போமே, இப்போது முடியாது. முன்பக்கமாக இறங்கினாலும் முட்டி மடங்க வேண்டும். அதனால் திரும்பி நின்று, கரையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தேன். முதுகைக் காட்டியபடியே போய் எதிரி நாட்டைப் பிடித்த ஒரே அரசன் நான்தான், வேண்டுமானால் யாரிடமாவது விசாரித்துப் பார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முட்டிக்கு வந்தது. “அதோ, இரும்பு எறங்குது” என்று ஒருவன் கத்தினான். இடுப்புக்கு வந்தபோது, மச்சான், தரை என்னைக் கைவிட்டது.  பொய் சொல்வானேன், பயந்தேன். ஒருவேளை நான் சொன்ன கதை உண்மையாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

சாக்கு என்னைத் தாங்கியது. மிதந்தேன். 

அப்போது ஒன்று நடந்தது. டாக்டர் அமுக்கியும், மணல் மூட்டை இழுத்தும் மடங்காத என் கால், தண்ணீருக்குள் தொங்கியதும் தானாக மடங்கியது. முழுசாக இல்லை. ஆனால் மடங்கியது, வலிக்காமல். ஒரு தடவை உதைத்தேன். டியூபு நகர்ந்தது. இன்னொரு தடவை உதைத்தேன். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், சந்தோஷத்தில். ஏரிக்குக் கேட்டிருக்கும்.

மண்புழு கோத்துத் தூண்டில் போட்டேன். ஒரு கெளுத்தி கிடைத்தது. ஊரில் நான் சொன்ன அளவு வேறு. என் தொடை நீளம் என்று சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்கிறேன், உள்ளங்கை நீளம். முள்ளால் குத்தியும் விட்டது. தூக்கிக் காட்டினேன். கரையே கூவியது.

அந்தக் குஷியில் உதைத்துக்கொண்டே நடு ஏரிப் பக்கம் போனேன். திடீரென்று டியூபு நின்றது. கயிறு விறைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழுந்தது. மறுமுனையில் இடுப்பளவு தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலமேலு. நான் அவளைப் பார்த்தேன். இழு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

“போதும்மா, இழு. ஆச தீந்துபோச்சு இல்ல?” என்றார் பெரியதனக்காரர்.

அவள் குனிந்து இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஈரக் கயிறு, சீக்கிரத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்ததும் முனையைத் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

“ஏம்மா! இன்னா காரியம் பண்ற?”

“கயிறு முடிஞ்சிபோச்சுங்க ஐயா” என்றாள். “ஏரி முடியலியே.”

காற்றில் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று உதைத்துக்கொண்டே போனேன். கயிறு பாம்புபோல் என் பின்னாலேயே வந்தது. நடுவைத் தாண்டினேன். அதற்குமேல் தொடையில் பலமில்லை. அக்கரை தெரிந்தது. உன்னை எரித்த மேடும் தெரிந்தது.

அந்த மேட்டுக்கு நான் இன்னும் வரவில்லை, மச்சான். கரையைச் சுற்றினால் மூன்று மைல், நடுவில் ஓடை, ஏறி இறங்கப் பாறை. இந்தக் காலுக்கு அது இமயமலை. தண்ணீர் வழியாக வந்தால் நேர் கோடு. மாலையோடு என்னைத் தூக்கிக்கொண்டு வர நான்கு ஆள் தயார் என்று பெரியதனக்காரர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். என்னை நான்கு பேர் தூக்குகிற நாள் தனியாக வரும், அவசரம் ஒன்றும் இல்லை.

தைத் திதிக்கு இன்னும் முப்பது நாளுக்குமேல் இருக்கிறது. தினமும் காலையில் இறங்குவேன். நேற்றைவிட இன்று பத்து உதை கூட. வருஷத் திதியன்று காலையில் தண்ணீரை விட்டு உன் பக்கத்துக் கரையில் ஏறுவேன், என் சொந்தக் காலில், முட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த வார்டில் திட்டியதற்கெல்லாம் அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்கிறேன். நாள் முழுக்க ஆகும். எங்கேயும் போய்விடாதே.

இப்படிக்கு,
உன் பெண்கள் இருவருக்கும் தாய்மாமன், உனக்கு எப்போதும் மச்சான்,
தாண்டவராயன்